பழைய டிராக்டரில் ஸ்டார்ட்டர் இயங்காமை: காரணம் அறியும் முறை

உழவுத் தொழிலில் பருவம் தவறினால், பின்னர் எவ்வளவு பாடுபட்டும் அந்நஷ்டத்தை ஈடு செய்தல் அரிது. கரிசற்காட்டில் மழை பெய்து ஓய்ந்தபின் உழுது விதைப்பதற்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். நன்செயிலோ, முறைநீர் வரும் நாளில் சேற்றுழவு முடியாவிட்டால் நாற்று முற்றிப்போகும். இத்தகைய நாளில் டிராக்டரின் சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலாது நின்றுவிடின், சொந்தக்காரர் படும் அல்லல் சிறிதன்று. அவ்வேளையில் பெரும்பாலோர், “செல்ஃப் போய்விட்டது” என்று தாமே முடிவு செய்து, மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகின்றனர். பட்டறை மேசையில் அது நன்றாகச் சுழலும். வண்டியில் மீண்டும் பூட்டினால் முன்போலவே வாளா இருக்கும். குறை மோட்டாரில் இல்லாமல், அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் இருப்பதே இதற்குக் காரணமாகும்.

பல ஆண்டு உழைத்த டிராக்டர்களில் இவ்வழியே முதலில் பழுதடைவது. ஆகையால் மோட்டாரில் ஸ்பானரை வைக்குமுன், பாட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகச் சோதித்து வருதல் பணத்தையும் பருவத்தையும் ஒருங்கே காக்கும். அதனினும் முக்கியமாக, அவசரத்தில் சிலர் கையாளும் ஆபத்தான குறுக்குவழியினின்று உயிரையும் காக்கும். அம்முறையே இங்கு விளக்கப்படுகிறது.

ஸ்டார்ட்டர் செய்யும் வேலை

ஆரம்பகாலத்து மோட்டார் வண்டிகளையும் டிராக்டர்களையும் முன்புறம் கைப்பிடியிட்டுச் சுழற்றியே கிளப்ப வேண்டியிருந்தது. எஞ்சின் சிற்சில வேளை எதிராக உதைத்து, சுழற்றுபவரின் கையை முறித்ததும் உண்டு. அமெரிக்க நாட்டுச் சார்லஸ் கெட்டரிங் என்பார் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் அமைப்பை உருவாக்க, 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் டிராக்டர்களிலும் அது இன்றியமையாத உறுப்பாயிற்று.

டீசல் எஞ்சினில், காற்றை அழுத்துவதால் உண்டாகும் சூடே எண்ணெயைப் பற்றவைக்கிறது. எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்றாலன்றி அச்சூடு உண்டாகாது. ஆதலின் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றுவது மட்டும் போதாது; வேகமாகச் சுழற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் விரைவாகச் சுழற்றியும் எஞ்சின் பற்றவில்லையெனின், குறை வேறிடத்தில் உள்ளது. டீசல் குழாயில் காற்றுப் புகுதல், ஃபில்டர் அடைத்தல், டீசலை நிறுத்தும் கம்பி இழுத்தபடியே இருத்தல் முதலியவற்றை அப்போது பார்க்க வேண்டும். அத்தகைய நிலையில் ஓயாது சாவியைத் திருப்பிக்கொண்டிருப்பது, நல்ல பாட்டரியையும் நல்ல மோட்டாரையும் வீணே கெடுப்பதாகும்.

ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லும் வழி இரண்டு. முதலாவது பெருவழி: பாட்டரியிலிருந்து பருத்த கேபிள் மூலம் சாலினாய்டு என்னும் காந்தச் சுவிட்சுக்கும், அதனூடே மோட்டாருக்கும் சென்று, மோட்டாரின் உடல், எஞ்சினின் உடல், எர்த் கேபிள் ஆகியவற்றின் வழியாக மீண்டும் பாட்டரியை அடைவது. இரண்டாவது சிறுவழி: சாவிச் சுவிட்சிலிருந்தும், கியர் நடுநிலையில் இருந்தாலன்றி மின்சாரத்தை விடாத பாதுகாப்புச் சுவிட்சிலிருந்தும் மெல்லிய கம்பி மூலம் சாலினாய்டுக்குச் சென்று அதைத் தூண்டுவது. சிறுவழி கட்டளையிடுகிறது, பெருவழி வேலை செய்கிறது. இவ்விரண்டில் எது அறுந்தாலும் மோட்டார் சுழலாது.

ஒலியால் குறை அறிதல்

சாவியைத் திருப்பியவுடன் வண்டி எழுப்பும் ஒலியே முதற் சாட்சி. அதைக் கவனித்துக் கேட்பவர், தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துக் கொள்ளலாம்.

1. ஒலியே இல்லாவிடின், சிறுவழியில் தடை இருக்கலாம். அல்லது பாட்டரி முற்றிலும் வடிந்திருக்கலாம்.

2. ‘டக்’ என்று ஒரே ஒருமுறை ஒலித்து நின்றுவிடின், சாலினாய்டு தூண்டப்படுகிறது. பெருவழியில் மின்சாரம் போதவில்லை. பாட்டரி முனைகள், எர்த் கேபிள், சாலினாய்டின் உள்ளிருக்கும் செம்பு முனைகள், மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் ஆகியவற்றை இவ்வரிசையில் பார்க்க வேண்டும்.

3. ‘டக டக’ என்று தொடர்ந்து அடித்துக்கொண்டால், பெரும்பாலும் பாட்டரி வலுவிழந்திருக்கும் அல்லது அதன் முனைகள் பூத்திருக்கும். சாலினாய்டு இழுத்தவுடன் மின்னழுத்தம் விழுந்துவிட, அது பிடியை விட்டு மீண்டும் இழுப்பதே அவ்வொலி.

4. எஞ்சின் மெதுவாகத் திணறிச் சுழன்றால், பாட்டரி, கேபிள், தேய்ந்த மோட்டார், இறுகிய எஞ்சின் ஆகிய நான்கில் ஒன்று காரணமாகும்.

5. மோட்டார் மட்டும் ‘கிர்’ என்று வேகமாகச் சுழன்று எஞ்சின் அசையாவிடின், மோட்டாரின் பல்சக்கரம் எஞ்சினின் ஃபிளைவீல் பல்லில் சென்று கோக்கவில்லை. அல்லது ஒரு பக்கமே பிடிக்கும் அதன் கிளட்ச் வழுக்குகிறது.

6. பல்லோடு பல் அராவும் கொடிய ஒலி கேட்டால், உடனே சாவியை விட்டுவிட வேண்டும். பல்சக்கரமோ ஃபிளைவீல் ரிங்கோ தேய்ந்திருக்கிறது. அல்லது மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன.

முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்த்தலும் எளிய சோதனையே. விளக்கு அறவே அணைவதுபோல் மங்கினால் பாட்டரியிலோ அதன் முனைகளிலோ குறை உண்டு. விளக்கு சிறிதும் மங்காமல் மோட்டாரும் அசையாவிடின், மின்சாரம் மோட்டாரைச் சென்று சேரவில்லை. விளக்கு ஓரளவு மங்கி மோட்டாரும் திணறினால், மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரத்தை உண்கிறது அல்லது எஞ்சின் இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

பாட்டரியைச் சோதித்தல்

12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. நிறையச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நிலையில், அதன் முனைகளுக்கிடையே சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறையப் பாதியே மிஞ்சியிருக்கிறது என்பது பொருள். மின்சாமான் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரே இதை அளக்கப் போதும். மூடி திறக்கத்தக்க பாட்டரியாயின், ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே பார்த்தல் நலம். ஐந்து அறைகள் ஒத்திருக்க ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், அந்தப் பாட்டரியை எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் அது நிலைத்து உழைக்காது.

ஓய்ந்திருக்கும் பாட்டரி நல்ல வோல்ட் காட்டுவது மட்டும் போதிய சான்றன்று. சுமை ஏறும்போதுதான் அதன் வலு வெளிப்படும். டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்து எஞ்சின் பற்றாதபடி செய்து, ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றொருவர் பாட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பாட்டரி அப்போதும் சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், முதலில் முழுதும் சார்ஜ் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போதும் விழுந்தால் பாட்டரி முதிர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவு மீறி இழுக்கிறது. நல்லதென்று தெரிந்த வேறொரு பாட்டரியை வைத்துப் பார்த்தால் இவ்விரண்டில் எதுவென்பது தெளிவாகும்.

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து எளிதில் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதன் அருகே பீடி, சுருட்டு, தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது. உள்ளிருக்கும் கந்தக அமிலம் கண்ணில் பட்டால், தாமதியாது ஏராளமான தண்ணீரால் குறைந்தது கால்மணி நேரம் கழுவி, மருத்துவரை அடைய வேண்டும். பாட்டரிக்கு வாலைநீர் அன்றிக் கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றலாகாது.

கேபிளும் எர்த்தும்

பாட்டரி நன்றாயிருந்தும் மோட்டார் திணறினால், கேபிள்களையும் அவற்றின் பிணைப்புகளையும் ஐயுறுக. “விளக்கு பிரகாசமாக எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே, கேபிளில் என்ன குறை இருக்க முடியும்?” என்று பலர் கேட்பதுண்டு. ஒரு சிறு கணக்கு இதற்கு விடை கூறும். முகப்பு விளக்கு ஒன்று ஏறக்குறைய 5 ஆம்பியர் மின்சாரமே இழுக்கும். டீசல் டிராக்டரின் ஸ்டார்ட்டரோ சில நூறு ஆம்பியர் இழுக்கும். துருவேறிய ஒரு பிணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். விளக்கு எரியும்போது அங்கே 0.05 வோல்ட்டே நஷ்டமாகும். ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. அதே பிணைப்பில் 300 ஆம்பியர் செல்லும்போது 3 வோல்ட் நஷ்டமாகும். பன்னிரண்டில் மூன்று போனால் மோட்டார் எவ்வாறு சுழலும்? விளக்கிற்குப் போதிய வழி ஸ்டார்ட்டருக்குப் போதாது என்பதை இதனால் அறியலாம்.

இந்நஷ்டத்தை நேரே அளக்கலாம். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் ஈயமுனையிலேயே வைத்து (மேலுள்ள பிடியில் அன்று), மறுமுனையை ஸ்டார்ட்டரின் உடலில் வைத்து, ஆசனத்திலிருப்பவர் சாவியைத் திருப்பும்போது பார்க்க வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட் வரை காட்டினால் குற்றமில்லை. அதற்கு மேற்பட்டால் எர்த் வழியில் துரு, வண்ணப்பூச்சு, சேறு, அறுந்த கம்பியிழை இவற்றுள் ஒன்று இருக்கிறது. அவ்வாறே பாட்டரியின் மற்றை முனைக்கும் மோட்டாரின் பெரிய முனைக்கும் இடையே பார்த்தால் 0.5 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. மீட்டர் இல்லாதவிடத்து, சில விநாடிகள் சாவியைத் திருப்பி விட்டபின் ஒவ்வொரு பிணைப்பையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தால், குறையுள்ள பிணைப்பு மட்டும் சூடேறியிருக்கக் காணலாம்.

கேஜ்வீல் பூட்டிச் சேற்றுழவு செய்யும் வண்டிகளில் எர்த் கேபிள் சேற்றுநீரில் நனைந்து நனைந்து விரைவில் துருவேறும். அதன் போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, இறுகப் பூட்டுவதற்கு அரைமணி நேரமே ஆகும். பாட்டரி முனைகளில் படியும் வெண்பச்சைப் பூப்பை, மூடிகள் இறுக மூடியிருக்க, சமையல் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தித் தேய்த்து, பிடியை இறுக்கியபின் மேலே வாஸ்லின் பூச வேண்டும். கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்றுவதும், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுவதும் விதி. பழைய ஆங்கிலேய டிராக்டர்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இணைக்கப்பட்டிருந்தது. ஆகையால் எம்முனை உடலோடு சேர்கிறதென்பதைக் கண்டறிந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

சுவிட்சுகளும் சாலினாய்டும்

சாவியைத் திருப்பியும் சாலினாய்டு ஒலிக்காவிடின், அதன் சிறு முனையில் சோதனை விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். சாவி திரும்பிய நிலையில் விளக்கு எரியுமாயின் கட்டளை வந்து சேர்கிறது. எர்த் வழியும் பிசகின்றி இருப்பின் சாலினாய்டே குற்றவாளி. விளக்கு எரியாவிடின், சாவிச் சுவிட்சு, பாதுகாப்புச் சுவிட்சு, எலி கடித்த கம்பி, எரிந்த ஃபியூஸ் இவற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்ல வேண்டும். கியரை ஒருமுறை மாற்றி மீண்டும் நடுநிலைக்குக் கொணர்ந்தோ, கிளட்சை முழுதும் மிதித்தோ பார்த்தாலே பல வேளை வண்டி கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பினால் பாதுகாப்புச் சுவிட்சு தேய்ந்துவிட்டதென்று உணர்ந்து, அதை மாற்ற வேண்டும்.

உயிரைக் கவரும் குறுக்குவழி

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிக அவசியம். வண்டி கிளம்பாதபோது, சிலர் தரையில் நின்றபடியே ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் சேர்த்துத் தீப்பொறி பறக்க மோட்டாரைச் சுழற்றுகின்றனர். அவர் நிற்குமிடம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்டது. இம்முறையில் மின்சாரம் சாவிச் சுவிட்சையும் பாதுகாப்புச் சுவிட்சையும் தொடாமலே மோட்டாருக்குச் செல்கிறது. கியர் விழுந்திருந்தால், எஞ்சின் பற்றிய அக்கணமே வண்டி முன்னே பாயும். பெரிய பின்சக்கரம் தம்மீது ஏறுமுன் விலகிக்கொள்ள எவராலும் இயலாது. பல நாடுகளிலும் திறமை வாய்ந்த ஓட்டிகளே இவ்வாறு மாண்டிருக்கின்றனர். நூறுமுறை பிசகின்றி நடந்ததால் வந்த துணிவே அவர்களைக் கொன்றது.

இவ்வபாயத்தை டிராக்டர் செய்வோர் நெடுங்காலமாக அறிவர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் உற்பத்தியான ஃபெர்குசன் டிஇ 20 என்னும் சிறு டிராக்டரில், கியர்த்தண்டையே ஒரு தனி நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். அந்நிலையில் தண்டு இருக்கும்போது எந்தக் கியரும் விழுந்திருக்க முடியாது. பின்வந்த வண்டிகளின் பாதுகாப்புச் சுவிட்சும் அதே நோக்கமுடையது. அதைத் தொல்லையென்று எண்ணிக் கம்பியை நேரே இணைத்துவிடுதல், ஸ்குரூடிரைவரால் கிளப்புவதற்கு ஒப்பான பிழையே. டிராக்டரை ஆசனத்தில் அமர்ந்தே கிளப்ப வேண்டும். இவ்விதிக்கு விலக்கு இல்லை. செல்ஃப் பழுதென்று இறக்கத்தில் நிறுத்தி உருட்டிக் கிளப்பும் வழக்கமும் கைவிடத்தக்கதே. கல்லோ பிரேக்கோ நழுவினால் ஆளில்லா வண்டி எங்குச் செல்லுமென்று எவரும் கூற இயலாது.

பாட்டரி மட்டுமே வடிந்திருந்தால், அதே வோல்ட்டுள்ள வேறு பாட்டரியின் துணையால் கிளப்பலாம். பாசிட்டிவ் முனையைப் பாசிட்டிவ் முனையோடு முதலில் இணைத்து, பின் நல்ல பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் கேபிளை, வடிந்த வண்டியின் எஞ்சின் உடலில், பாட்டரிக்கு எட்ட ஓரிடத்தில் பூட்ட வேண்டும். நெகட்டிவ் முனை எர்த்தாக உள்ள வண்டிகளுக்கே இம்முறை பொருந்தும்.

மோட்டாரைக் கழற்றிய பின்

மேற்கூறிய சோதனைகள் யாவும் தேறியும் மோட்டார் இயங்காவிடின் அல்லது திணறினால், அப்போதே அதைக் கழற்ற வேண்டும். திணறலாயின், கழற்றுமுன் எஞ்சினின் முன்கப்பியைக் கையால் திருப்பி, எஞ்சின் தடையின்றிச் சுழல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலிண்டரில் தண்ணீரோ டீசலோ இறங்கியிருந்தால் எஞ்சின் திரும்பாது. அதையறியாமல் ஸ்டார்ட்டரை வற்புறுத்துவது பெருஞ்சேதத்தில் முடியும்.

மோட்டாருள் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது கார்பன் பிரஷ்கள்: அவை தேய்ந்து குறுகினாலோ, அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்தாலோ மின்சாரம் சரிவரப் பாயாது. மோட்டாரை மெல்லத் தட்டினால் சில வேளை சுழல்வது இக்குறையின் அடையாளம். இரண்டாவது, பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டர்: கறுத்திருந்தால் மெல்லிய கண்ணாடித்தாளால் துடைக்கலாம், எமரித்தாள் கூடாது. மூன்றாவது, தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்கள்: இவை தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து காந்தத்தில் உராயும், மோட்டார் மிகுதியான மின்சாரத்தை உண்டு மெதுவாகச் சுழலும். புஷ் மாற்றும் செலவு சிறிது. மாற்றாவிடின் ஆர்மேச்சரே கெடும். நான்காவது பல்சக்கரம்: திருகு வழியில் ஓடிக் கோக்கும் பழைய வகையில் அத்திருகு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். கிரீஸ் தடவினால் புழுதி சேர்ந்து, பல் நகராமல் ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சின் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சில இடங்களிலேயே நிற்கும் இயல்புடையது. மூன்று சிலிண்டர் எஞ்சின் மூன்று இடங்களிலும், நான்கு சிலிண்டர் எஞ்சின் இரண்டு இடங்களிலும் நிற்கும். ஆகவே ஃபிளைவீல் ரிங்கின் பற்கள் அவ்விடங்களிலேயே தேயும். எப்போதேனும் ஒருமுறை பல் அராவி, எஞ்சினைச் சிறிது திருப்பியதும் சரியானால், ரிங் மாற்றும் காலம் நெருங்கிவிட்டதென்று அறிக. அவ்வேலையைப் பருவம் தொடங்குமுன் முடித்துவிடுதல் உத்தமம்.

வழக்கமாகச் செய்ய வேண்டியவை

சாவியை ஒரே பிடியாகப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் திருப்பி வைத்தலாகாது. பற்றாவிடின் ஓரிரு நிமிடம் மோட்டாரை ஆறவிட்டே மீண்டும் முயல வேண்டும். பாட்டரி நீரையும் முனைகளையும் மாதம் ஒருமுறை பார்த்தல், உழவுக்கு முன் எர்த் பிணைப்பைச் சுத்தம் செய்தல், வண்டி நெடுநாள் நிற்குமாயின் பாட்டரியை இடையிடையே சார்ஜ் செய்தல் ஆகிய இவை போதிய காப்பாகும். கூட்டுறவுச் சங்கங்களிலும் வாடகை மையங்களிலும் டிராக்டர்களை மேற்பார்வை செய்வோர், பாதுகாப்புச் சுவிட்சு ஒவ்வொரு வண்டியிலும் இயங்குகிறதா என்பதைத் தாமே சோதித்தறிந்து, அதை இணைப்பு நீக்கி ஓட்டுவதற்கு இடங்கொடாதிருத்தல் வேண்டும்.

ஒலியைக் கேட்டு, பாட்டரியை அளந்து, கேபிளைத் துடைத்து, சுவிட்சைத் தேடி, இறுதியிலேயே மோட்டாரைத் தொடுபவருக்கு வீண் செலவு பெரிதும் குறையும். மழை ஈரம் காயுமுன் கொழுவும் மண்ணில் இறங்கும். பொறுமையாகச் செய்யும் ஒருமணி நேரச் சோதனை, ஒரு போகத்தின் விளைவையும் ஒரு குடும்பத்தின் தலைவனையும் காக்க வல்லது என்பதை உழவர் அனைவரும் நினைவிற் கொள்வாராக.